தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மீன்

கேள்வி: எங்கள் கழனிக் கிணற்றில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள் மேலாகவே திரிகின்றன. தலையில் பளிச்சென்று ஒரு புள்ளி. கொசு மருந்து அடிக்க வந்தவர், ‘இது கம்பூசியா, கொசுப்புழுவைத் தின்ன எங்கள் ஆட்கள் விட்டதுதான்’ என்கிறார். என் மாமனாரோ, ‘நான் டவுசர் போட்ட காலத்திலேயே இந்த மீன் இருந்தது’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கே.வி.குப்பம்

பதில்: மாமனார் கட்சிதான் ஜெயித்தது. அந்த வெள்ளிப் பொட்டு ஒன்றே போதும். கம்பூசியாவுக்கும் சரி, அதைப் போலவே கொசுப்புழுவுக்காக விடப்படும் கப்பி மீனுக்கும் சரி, அது கிடையாது. உங்கள் கிணற்றில் இருப்பது முண்டக்கண்ணி.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒன்றைக் கண்ணாடி பாட்டிலில் மொண்டு, முதலில் மேலிருந்து பாருங்கள். தலை தட்டையாக இருக்கும், உச்சந்தலையில் பொட்டு. கலங்கிய தண்ணீரில் மீன் தெரியாது, பொட்டு மட்டும் நகரும். அதற்கு அடியில்தான் வெளிச்சத்தை உணரும் பீனியல் உறுப்பு இருக்கிறது. பிறகு பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்குங்கள். வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுத் துடுப்பு சின்னது, வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி நிற்கும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கீழ்த்துடுப்போ நீளமானது. கம்பூசியாவில் அந்தக் கீழ்த்துடுப்பு குட்டை. ஆணுக்கு மட்டும் அது ஊசி போல நீண்டு பின்பக்கம் கிடக்கும். பெண்ணின் உடலுக்குள் விந்தைச் செலுத்தும் கருவி அது. ஏனென்றால் கம்பூசியா குட்டி போடும் மீன். முண்டக்கண்ணி முட்டையிடும்; தினம் கொஞ்சமாக, வேலம்பாசியிலும் மற்ற நீர்ச்செடிகளிலும் ஒட்டிவைக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். குஞ்சு எதிரில் வந்தால் பெற்றதே விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

முண்டக்கண்ணியிலும் இனங்கள் உண்டு. நீங்கள் சொல்லும் அளவுக்கு, நம் பக்கத்துச் சமவெளியில் எதிர்பார்க்க வேண்டியது அப்லோகீலஸ் பார்வஸ். 1916-ல் சென்னை நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது இதற்குப் பெயரிட்டவர் நம் ஊர் ஆய்வாளர் சுந்தர ராஜ். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். இதன் அண்ணன் பாஞ்சாக்ஸ், கொஞ்சம் பெரிது. அதை ஸ்காட்லாந்து மருத்துவரான ஹாமில்டன், கங்கை மீன்களைப் பற்றிய தன் நூலில் 1822-லேயே எழுதிவிட்டார்.

கம்பூசியாவின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவும். 1928-ல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காது. தவளைக் குஞ்சு, மற்ற மீன்களின் முட்டை எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். பெரிய மீனின் துடுப்பைக்கூடக் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. நீர்மட்டத்திலேயே சுற்றி, விழும் எறும்பையும் மிதக்கும் கொசுப்புழுவையும் பொறுக்கித் தின்னும் மீன் ஏற்கெனவே கிணற்றில் இருக்கும்போது, பாக்கெட்டில் வரும் அந்நியனை எதற்கு அதன்மேல் ஏவ வேண்டும்? அடுத்த முறை யாராவது மீன் விட வந்தால், மாமனாரையே பேச விடுங்கள்.

கேள்வி: கோடையில் எங்கள் ஏரி வெடித்துக் கிடக்கிறது. மழை பெய்து ஒரு மாதத்தில் பொட்டு மீன் வந்துவிடுகிறது. முட்டை மண்ணுக்குள் காத்திருக்குமா, மழையோடு விழுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டும் இல்லை. காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில் முட்டை உறங்கிக் கிடப்பது ஆப்பிரிக்காவில் உள்ள இதன் தூரத்துச் சொந்தங்களின் வித்தை. நம் முண்டக்கண்ணிக்கு அது வராது. தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். கிணறு, மதகடிப் பள்ளம், கால்வாயில் தேங்கிய குட்டை என்று எங்காவது சில உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்தத் தண்ணீரோடு கீழ் ஏரிக்கு இறங்கிவிடும். அழுக்கேறிய குட்டையிலும் மேல்மட்டத்து மெல்லிய நீரில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேல்நோக்கிய வாய்க்கு அது எட்டும். ஆகவே வரத்துக் கால்வாயைத் தூர்வாரும்போது ஓரத்துப் பள்ளங்களை எல்லாம் மட்டம் பண்ணிவிடாதீர்கள். ஜேசிபி ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அவர்கள் சுத்தம் என்று இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: இதைத் தொட்டியில் வளர்க்கலாமா?
– மாணவர், ஆற்காடு

பதில்: தாராளமாக. சிமென்ட் தொட்டி, கொஞ்சம் பாசி, பாதி நிழல். மோட்டார் வேண்டாம். மேலே வலை கட்டாயம். எகிறிக் குதித்து வெளியே விழும். வாய்க்குள் அடங்கும் அளவுக்குச் சின்ன மீன் எதையும் கூட விடாதீர்கள்.