பழைய லேண்ட் ரோவரில் எதையெல்லாம் கால்வனைஸ் (துருப்பிடிக்காமலிருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) செய்யலாம்?

சீரிஸ் எனப்படும் பழைய மாடல் வண்டியின் சேஸியை (அடிச்சட்டம்) தாராளமாகக் கொடுக்கலாம். பாடி பெரும்பாலும் அலுமினியம்; துரு தின்பது இரும்புச் சேஸியைத்தான். வெல்டிங் வேலை எல்லாம் முடித்த பிறகே அனுப்புங்கள்.

சேஸி உள்ளே கூடான பெட்டி என்பதை மறக்கக்கூடாது. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது, உள்ளே ஈரம் அடைபட்டிருந்தால் நீராவியாகி வெடித்துவிடும். அதனால் மூடிய ஒவ்வொரு அறைக்கும் காற்று வெளியேறவும் துத்தநாகம் வடியவும் ஓட்டைகள் வேண்டும்.

பல்க்ஹெட்டில் (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) மெல்லிய தகடுகள் உண்டு, சூட்டில் நெளியலாம். நானாக இருந்தால் அதற்குப் பெயிண்டோடு நிறுத்திக்கொள்வேன். ஸ்பிரிங் பட்டை, உயர்வலிமை போல்ட் வேண்டவே வேண்டாம்: முக்குவதற்கு முன் அமிலத்தில் கழுவும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் ஏறி, அப்புறம் பாரம் விழுந்ததும் பொட்டென்று முறியலாம்.

திரும்பி வந்ததும் மரைகளில் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டுங்கள், துத்தநாகம் அடைத்திருக்கும்.