இழுவை எங்கே போகிறது? பழைய பைக் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் எல்லாமே பெங்களூரிலிருந்து. வண்டிகள் வேறு வேறு, புகார் ஒன்றுதான்: ரீஸ்டோர் செய்த பைக் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் இழுக்க மாட்டேன் என்கிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது 1974 மாடல் புல்லட் 350. ரீபோர் (சிலிண்டரை மறுபடி கடைவது), புது பிஸ்டன், புது வால்வு எல்லாம் போட்டு 900 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கும் நன்றாக நிற்கிறது. ஆனால் 60-க்கு மேல் ஏற மறுக்கிறது. நந்தி மலையில் இரண்டாம் கியரை விட்டு மேலே போக முடியவில்லை. சைலன்சர் பைப்பின் வளைவில் நீலம் பாய்ந்திருக்கிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. — வாசகர், அல்சூர்

பதில்: இரண்டு கார்புரேட்டர் மாற்றியும் குறை அப்படியே இருக்கிறதென்றால், கார்புரேட்டரைத் தற்காலிகமாக மறந்துவிடுங்கள். இனி செலவு செய்யாமல் அளந்து பார்க்க வேண்டிய நேரம்.

முதலில் என்ஜினுக்கு வெளியே பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி அதையும் சுழற்றுங்கள். பத்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பிரேக் டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் புது ஷூ உரசிக்கொண்டிருக்கிறது. கடைந்த டிரம், புது லைனிங் இரண்டும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது ஒரு நிமிட வேலை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, என்ஜினை அணைத்த நிலையில், ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கியபடி கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். ஸ்லைடு முழுவதும் மேலே ஏறி வழி திறந்திருக்க வேண்டும். புது கேபிள், புது ஹேண்டில் பார் போட்ட வண்டிகளில் ஸ்லைடு முக்கால் பாகத்தோடு நின்றுவிடுவது உண்டு. எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் அந்தக் கால் பாகம் கிடைக்காது.

பிறகு கம்ப்ரஷன். கிக் எளிதாக, ஒரு சின்ன வால்வைத் திறந்து கம்ப்ரஷனை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரின் கேபிளில் 2–3 மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுவதும் மூடாது; கம்ப்ரஷன் அங்கேயே கசியும். அடுத்து டேப்பெட். என்ஜின் ஆறியபின், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், வலப்பக்க டேப்பெட் மூடியைத் திறந்து புஷ் ராடுகளை (வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) விரலால் சுழற்றுங்கள். இரண்டும் சிரமமில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழல மறுத்தால் வால்வு முழுவதும் அமராது, சூடாகும்போது இழுவை குறையும். புதிதாக உரசிய வால்வு முதல் சில நூறு கி.மீ.க்குள் சீட்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே அமரும், அப்போது புஷ் ராடு இறுகும். ரீபோருக்குப் பின் 300, 1000 கி.மீ.களில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. பிறகு கம்ப்ரஷனில் வைத்து கிக்கர் மேல் மெதுவாக எடையை ஏற்றுங்கள். சில நொடி தாங்கி, பிறகு மெல்ல இறங்க வேண்டும். உடனே இறங்கினால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். இப்போது தாங்கினால் ரிங் அல்லது போர், அப்போதும் தாங்காவிட்டால் வால்வு அல்லது டிகம்ப்ரஷன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது டைமிங் மேல்தான், அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தின் மேல். ஸ்டார்ட்டிங் எளிது, ஐடிலிங் சாந்தம், மேலே ஏறவில்லை, பைப் நீலம்: ஸ்பார்க் தாமதமாக வந்தால் எரிதல் முடியாமலே வாயு வெளியே போகும், சூடு சக்கரத்துக்குப் போகாமல் சைலன்சருக்குப் போகும். லீன் மிக்ஸரும் (காற்று கூடி, பெட்ரோல் குறைந்த கலவை) பைப்பை நீலமாக்கும்தான், ஆனால் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு லீனாக இருப்பது அபூர்வம்.

திறக்கும் நொடியில் ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்டின் இடைவெளியை முதலில் 0.35–0.40 மி.மீ.க்கு வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிறகு, வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்னுக்குக் கொண்டுவரும் ஆட்டோ அட்வான்ஸ். பாயிண்ட் கேமை விரலால் அது சுழலும் திசையில் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் விசையில் தானே திரும்பி வர வேண்டும். திரும்ப மறுத்தால் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. வேகம் ஏறினாலும் அட்வான்ஸ் வராது. ஒரு சொட்டு ஆயிலில் பல வண்டிகள் இங்கேயே குணமாகும்.

டைமிங் அளவு பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், அட்வான்ஸ் முழுவதும் பின்வாங்கிய நிலையில். பிளக்கைக் கழற்றி, நான்காம் கியரில் பின்சக்கரத்தைத் திருப்பி பிஸ்டனை நகர்த்துங்கள். பிளக் துளை சாய்ந்திருப்பதால் சைக்கிள் ஸ்போக் விட்டு அளப்பது உச்சியைக் கண்டுபிடிக்கப் போதும், 0.8-ஐ அளக்கப் போதாது. டயல் கேஜ் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள். உச்சியிலிருந்து சில மி.மீ. பின்னால் போய், முன்னோக்கியே வந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பல்சக்கரங்களின் தளர்வு அளவைக் கெடுக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியைக் காட்ட ஆம்மீட்டரே போதும். லைட் அணைந்திருக்க, சாவி போட்டிருக்க, பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்த நொடியில் பூஜ்யத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளல் 0.8-இல் வர வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்கு வாருங்கள். ஆக்சிலரேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று குறியுங்கள். தொடக்கத்தில் மக்கர் செய்தால் பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) ஏர் ஸ்க்ரூவும், கால் முதல் முக்கால் வரை என்றால் நீடில், அதற்கு மேல் மட்டும் என்றால் மெயின் ஜெட்.

கேள்வி: யெஸ்டி 250. இரண்டு சைலன்சரும் புதிது, பிஸ்டனும் புதிது. முன்பிருந்த துடிப்பு இல்லை. வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. — வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: மைசூரில் 1996-இல் உற்பத்தி நின்றுவிட்ட வண்டி. இன்று ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் கிடைக்கும் புதுப் பாகங்களில் பெரும்பாலானவை பின்னால் வந்த நகல்கள். அளவு எடுக்காமல் எதையும் மாட்டக் கூடாது.

புகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2டி ஆயில் (பெட்ரோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) அளவு சரியாக இருந்தும் வெள்ளைப் புகை ஓயாமல் வந்தால் கியர் ஆயில் அளவை அளந்து குறித்துக்கொண்டு 200 கி.மீ. ஓட்டுங்கள். வெளியே சொட்டுக் கசிவு இல்லாமல் அளவு குறைந்தால், இடப்பக்க கிராங்க் ஆயில் சீல் வழியாக என்ஜின் அதைக் குடிக்கிறது. வலப்பக்கம், டைனமோ இருக்கும் பக்கம், சீல் போனால் புகை வராது; காற்று உள்ளே நுழைந்து மிக்ஸர் லீனாகும், ஐடிலிங் தானாக ஏறும், கடைசியில் பிஸ்டன் போரில் இறுகிப் பிடிக்கும். இரண்டில் இதுதான் ஆபத்தானது. கிராங்க் கேஸைப் பிரித்து மூடிய ஒவ்வொரு முறையும் இரண்டு சீலையும் மாற்றுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் காற்றழுத்தச் சோதனை இருக்கிறது. கார்புரேட்டர் வாயையும் இரண்டு எக்ஸாஸ்ட் வாய்களையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக 6 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தடவினால் இடம் தெரிந்துவிடும். அளவு மீறி ஏற்றினால் நல்ல சீலும் புரண்டுகொள்ளும், கவனம்.

துடிப்பு குறைந்ததற்குப் புது சைலன்சரும் பிஸ்டனும்தான் எங்கள் சந்தேகம். ரீட் வால்வு (உள்ளே வந்த கலவையைத் திரும்ப விடாத இதழ்) இல்லாத இந்த என்ஜினில் இன்லெட் எப்போது திறந்து மூட வேண்டும் என்று தீர்மானிப்பது பிஸ்டனின் அடிப்பாகம். நகல் பிஸ்டனில் அந்த ஸ்கர்ட் 1–2 மி.மீ. குட்டையாக இருந்தாலே, குறைந்த வேகத்தில் கலவை கார்புரேட்டர் வழியாகத் திரும்பத் துப்பும். ஏர் ஃபில்டர் பெட்டியில் பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து கட்ஜன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைப்பது) துளையிலிருந்து அடிவரை வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

சைலன்சருக்கு: என்ஜின் ஓடும்போது இரண்டு பின்வாயிலும் கையைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். அடிக்கும் காற்று சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்றால் பின் நட்டைக் கழற்றி உள்குழாயை உருவிப் பழையதோடு ஒப்பிடுங்கள். நீளமும் துளைகளும் ஒத்துப்போக வேண்டும். பழைய சைலன்சர் உங்களிடம் இருந்தால், கரியை எடுத்துவிட்டு அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதானால் தண்ணீரில் சோடாவைப் போடுங்கள், சோடா மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதுவும் அதில் படக் கூடாது.

கேள்வி: 20 நிமிடம் நன்றாக ஓடுகிறது. ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு தாண்டியதும் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் ஓடுகிறது. புல்லட் 350, டேங்க் மூடி புதிதாக குரோம் செய்தது. — வாசகர், விவேக் நகர்

பதில்: மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா? குரோம் அடைத்திருக்கலாம். வண்டி திணறும் அதே இடத்தில் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே எடுத்தால் முடிந்தது. மெல்லிய கம்பியால் துளையைத் திறங்கள்.

வீட்டில் சோதிப்பதானால் மூடியை மூடியபடியே, பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் பாட்டிலில் பிடியுங்கள். நிமிடத்துக்கு 200 மி.லி.க்குக் குறையாமல், ஐந்து நிமிடமும் வேகம் குறையாமல் விழ வேண்டும். அரை நிமிடம் பிடித்துவிட்டு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் டேங்கில் வெற்றிடம் உருவாக நேரம் எடுக்கும். என்ஜின் ஆறியிருக்கட்டும், திறந்தவெளியில் செய்யுங்கள்.

மூடியில் குறையில்லை என்றால், நின்ற உடனே பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து கிக் செய்யுங்கள். ஸ்பார்க் மங்கலாக அல்லது மஞ்சளாக இருந்தால் சூட்டில் தளரும் கண்டன்சர் அல்லது காயில். முதலில் கண்டன்சரை மாற்றுங்கள், விலை குறைவு. ஸ்பார்க் நீலமாக இருந்தும், நிற்கும் முன் யாரோ பிரேக் பிடித்தது போல வேகம் இறங்கி, நின்றபின் கிக்கர் கனமாக இருந்தால் அது பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை. போரில் பிஸ்டன் இறுக்கம். அந்த நிலையில் இன்னும் ஓட்டாதீர்கள். ரீபோர் செய்த லேத்துக்கே பிஸ்டனோடு கொண்டுபோய் இடைவெளியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குப் பெரிய மெயின் ஜெட் போடச் சொல்கிறார்கள். பெங்களூர் உயரத்துக்குச் சின்ன ஜெட் போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது? — வாசகர், ஃபிரேசர் டவுன்

பதில்: இருவர் சொல்வதும் உண்மை, அதனால்தான் அவசரப்பட வேண்டாம். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே. காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மெலிது. அந்தப் பங்கு சக்தி எந்த ஜெட்டைப் போட்டாலும் திரும்பாது: புல்லட் 350-க்குச் சொல்லப்பட்ட 18 குதிரைசக்தி இங்கே 16-ஐச் சற்றுத் தாண்டினால் அதுவே முழு ஆரோக்கியம். சென்னையில் ஓட்டிய நினைவோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். மெலிந்த காற்றில் கார்புரேட்டரின் கலவை ஏறக்குறைய 5 சதவீதம் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும்.

இ20 நாட்டுக்கு அறிமுகமானதே 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான். எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும், அதனால் பழைய ஜெட்டில் கலவை 7–8 சதவீதம் லீன் ஆகிறது. ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. ஒரிஜினல் அளவு ஜெட்டிலேயே தொடங்குங்கள். காலி சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச் பிடித்து, என்ஜினை அணைத்து, பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஒரே ஒரு எண் மேலே போங்கள். யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக்குகளில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜெட்டைவிட எங்களுக்குக் கவலை ரப்பர்தான். பழைய குழாய், ஃப்ளோட் நீடிலின் நுனி, டேங்க்குக்குள் பூசிய கோட்டிங் மூன்றையும் எத்தனால் தாக்கும். கோட்டிங் உரிந்து பெட்ரோல் காக் வலையை அடைத்தால் இழுவை போகும், ஜெட் மேல் பழி விழும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-க்கு ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் போட்டேன். நடு வேகத்தில் இழுவை இல்லை. — வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அதன் கொள்ளளவையும் வாயையும் வைத்துத்தான் அந்த என்ஜினுக்கு ஜெட் தீர்மானித்தார்கள். மாட்டிய பிறகும் குறை இருந்தால் ரீட் வால்வின் இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் மாற்ற வேண்டும்.

கேள்வி: டியூன் செய்த இரண்டு வாரத்தில் புல்லட் மறுபடி மந்தமாகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். — வாசகர், சிவாஜிநகர்

பதில்: பாயிண்டின் ஃபைபர் அடி தேய்கிறது. தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னுக்குப் போகும். புதுப் பாயிண்ட் மாட்டும்போது கேமில் அரிசி மணி அளவு உயர் வெப்ப கிரீஸ் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம், சிதறினால் பாயிண்ட் முகம் கருகும். கேமில் துருப் புள்ளி இருந்தால் மெல்லிய எமரியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். முதல் 300 கி.மீ.இல் ஒருமுறை ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். அந்த முதல் தேய்மானத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடும்.