நடத்தை: நன்று

அன்புள்ள சார்,

வணக்கம். தாராவிப் பக்கம் ஒரு சின்ன மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். நான் படித்ததும் அதே பள்ளிதான். வருடாவருடம் ஏப்ரல் கடைசியில் ஒரு செய்திமடல் போடுவோம். எட்டுப் பக்கம், ஜெராக்ஸ். பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் அனுப்புவோம். இந்த வருடம் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மூன்று பேர் போகிறார்கள். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அறிவியல் சார் சர்ப்ளஸ் (உபரி ஆசிரியர்) ஆகி வேறு பள்ளிக்குப் போகிறார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததுதான் காரணம். ஆனால் அதை எழுத வேண்டாம், ‘பணி மாறுதல்’ என்று போட்டால் போதும் என்கிறார்கள். அப்புறம் எங்கள் மாவ்ஷி, பள்ளி ஆயா. இரத்தினகிரிக்காரர். ஆனால் பிள்ளைகளை ‘ஏலே, இங்க வால’ என்று திருநெல்வேலித் தமிழில்தான் அதட்டுவார். 2005 வெள்ளத்தன்று நாங்கள் பள்ளியிலேயே மாட்டிக்கொண்டபோது வடாபாவ் வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். அப்போது நான் நாலாவது. மாவ்ஷிக்கு ஒரு வரி போதும், சிப்பாய்க்கும் மாவ்ஷிக்கும் தனியாக எழுதுகிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டீச்சருக்கு நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. எங்கே தப்பு என்று சொல்வீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

பி.கு.: அந்த ராத்திரி மாவ்ஷி எங்களுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு, கதவை ஒட்டிப் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை தூங்கவில்லை. இதையெல்லாம் செய்திமடலில் எழுதினால் நன்றாக இருக்குமா?

— ஒரு தாராவி ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘தன்னலமற்ற தொண்டு, கடமை தவறாத உழைப்பு, கனிவான பேச்சு, மாணவர்களைத் தம் பிள்ளைகளாகவே கருதிய தாயுள்ளம்.’ ஒரு சோதனைக்காகப் பெரிய டீச்சர் பெயரை எடுத்துவிட்டு, சயானில் எங்கள் கட்டடத்தில் கீழே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் அம்மா பெயரைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ‘மாணவர்’ என்பதை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

போன வருடத்துச் செய்திமடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போன வருடம் எழுதியவர் அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்திருப்பார். நம் ஊர் எல்.சி. மாதிரி ஆகிவிடுகிறது இது. (வெளியூர் வாசகர்களுக்கு: தமிழ்நாட்டில் டி.சி. என்பதை இங்கே எல்.சி. என்போம். லீவிங் சர்டிபிகேட்.) படிப்பு: நன்று. நடத்தை: நன்று. என் வகுப்பில் தலைமையாசிரியர் மேஜை டிராயருக்குள் கரப்பான்பூச்சி விட்டவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் நடத்தை நன்று, முன் பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த எனக்கும் நடத்தை நன்று.

நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். 1978-இல் ஏழாவது படித்தேன், உங்களுடையதைப் போன்ற ஒரு பள்ளியில். எங்கள் கணக்கு சார் அந்த வருடம் ஓய்வு பெற்றார். வாழ்த்துமடல் ஒன்றை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு உச்சரிப்பு நன்றாக வரும் என்று வாசிக்கக் கூப்பிட்டார்கள். ‘அறிவின் ஒளிவிளக்கே, அன்பின் நிறைகுடமே’ என்று இருபத்திநாலு வரி. சார் மேடையில் தலையைக் குனிந்து, விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சமோசா, வேஃபர், ஒரு பேடா. முடிந்தது.

அந்த இருபத்திநாலு வரியில் இல்லாததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி ஏழாவதோடு சரி. அதற்கு மேல் தமிழில் படிக்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதிப் பேர் அதோடு நின்று, டேனரிக்கோ இட்லி வியாபாரத்துக்கோ போய்விடுவார்கள். சார் ஒவ்வொரு மே மாதமும் எங்கள் எல்.சி.க்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். தாராவியிலிருந்து மாட்டுங்கா, அங்கிருந்து வடாலா, திரும்பி சயான். நடைதான். ஒவ்வொரு ஹைஸ்கூல் ஆபீசிலும் போய் நின்று, “பையன் கணக்கு நல்லா போடுவான், இங்கிலீஷ் ஆறு மாசத்துல பிடிச்சுக்குவான்” என்று சொல்லிச் சொல்லி இடம் வாங்குவார். என் வருடத்தில் பையில் பதினோரு எல்.சி. இருந்தது. ஒன்பது பேருக்கு இடம் கிடைத்தது. நான் ஒன்பதில் ஒருத்தன். அதாவது, அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மே மாதம் அலைந்திருக்கிறார். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் எழுதவில்லை.

வேலை கிடைத்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். சால் வீடு (வரிசைக் குடியிருப்பு), ஒரே அறை. வாழ்த்துமடல் தாள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி, உடைந்துபோன ஜன்னலுக்குப் போட்டிருந்தார். “நல்ல கனமான கண்ணாடிடே” என்றார்.

உங்கள் கட்டுரையில் என்ன தப்பு என்று கேட்டீர்கள். அதில் எதுவுமே நடக்கவில்லை. பெரிய டீச்சர் அந்தப் பள்ளியில் ஒரு நாள் காலையில் வந்து ஏதாவது செய்தாரா, செய்யவில்லையா? கடைசிப் பத்தியில் அடித்துவிட்ட ஒரு வரி தெரிகிறது: ‘மழைக்காலத்தில் ஜி.ஆர். ரெஜிஸ்டரைத் தன் புடவையில் சுற்றி...’ ஏன் அடித்தீர்கள்? பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிற புத்தகம் அது. ஐம்பது வருடம் கழித்து ஒரு கிழவர் வந்து பாஸ்போர்ட்டுக்குச் சான்று கேட்டால் அதைத்தான் புரட்ட வேண்டும். கூரை ஒழுகும்போது ஒரு தலைமையாசிரியை முதலில் எதை எடுத்தார் என்பதைவிட அவரைப் பற்றி வேறென்ன எழுதிவிடப் போகிறீர்கள்? தாயுள்ளத்தை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

ரெஜிஸ்டர் என்றதும் இன்னொன்று. பெரிய டீச்சர் மே 31-இல் ஓய்வு பெறுகிறார் என்றால், அவர் பிறந்தநாள் ஜூன் 1 என்று பந்தயம் கட்டுகிறேன். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு முந்தின மாதக் கடைசி நாள்தான் பணியின் கடைசி நாள் என்பது விதி. மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 பிறந்தநாள்காரர்கள் ஏராளம். பிள்ளையைச் சேர்க்க வந்த தாய்க்கு ‘மாரியம்மன் கொடைக்கு மறுநாள் பிறந்தான்’ என்பதற்கு மேல் தெரியாது. ஹெட்மாஸ்டர் ஜூன் 1 என்று எழுதிக்கொள்வார். நானும் காகிதப்படி ஜூன் 1-தான். இதில் ஒரு கஷ்டம், மே 31 அன்று பள்ளி விடுமுறை. மாணவர் யாரும் இருக்க மாட்டார்கள். காலிக் கட்டடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வருவார். அன்றைக்கு முடிந்தால் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். செய்திமடலுக்காக இல்லை, சும்மா.

ஷால் போர்த்துவதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மும்பையில் ஏப்ரல் கடைசியில் ஒரு மனுஷிக்குக் கம்பளி ஷால் போர்த்திக் கையில் தேங்காயும் கொடுத்து, முக்கால் மணி நேரம் பேச்சுக் கேட்க வைப்பது என்ன மரியாதையோ. மராத்திக்காரர்களின் ‘ஷால்–ஸ்ரீபள்’ வழக்கத்தையும் நம் பொன்னாடையையும் சேர்த்து, இரண்டு பக்கத்து வேர்வையையும் வாங்கிக்கொண்டோம். மாட்டுங்காவில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுங்கள்.

மராத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. பிரிவு உபசார விழாவை அவர்கள் ‘நிரோப் சமாரம்ப்’ என்கிறார்கள், உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் சுற்றறிக்கை வரும். நிரோப் என்றால் விடைபெறுதல். சேதி என்றும் அர்த்தம். ‘அவருக்கு ஒரு நிரோப் சொல்லிவிடு’ என்றால், ஒரு சேதி சொல்லிவிடு. தமிழில் விடை என்றால் போக உத்தரவு, கேள்விக்குப் பதிலும் அதுதான். ஆக எந்த மொழியில் பார்த்தாலும் போகிறவரைப் பற்றி ஏதோ ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். நாம் மட்டும் சேதியை விழுங்கிவிட்டு மாலையைப் போடுகிறோம்.

அறிவியல் சார் விஷயத்துக்கு வருகிறேன். எல்.சி.யில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு: பள்ளியை விட்டுச் செல்லும் காரணம். பிள்ளைக்கே காரணம் எழுதுகிறோம், ஆசிரியருக்கு ஏன் மறைக்க வேண்டும்? கல்வி உரிமைச் சட்டத்தில் ஒன்று முதல் ஐந்துவரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டுவரை 35-க்கு ஒருவர் என்று கணக்கு. பட்டியலில் தலை குறைந்தால் ஒருவர் ‘அதிரிக்த’ ஆகிறார், சர்ப்ளஸுக்கு மராத்தி அது. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் சாருக்கு வேறொரு தமிழ்ப் பள்ளியில் காலியிடம் பார்க்க வேண்டும், அது எத்தனை ஸ்டேஷன் தள்ளி இருந்தாலும்.

எண்ணிக்கை குறைகிறது என்று எழுதினால் இருக்கிற பெற்றோரும் பயந்து பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று உங்கள் மேலிடம் நினைக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பெற்றோருக்கு எண்ணத் தெரியும். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, பிரார்த்தனை வரிசை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்க்கிறவர்கள் அவர்கள். நீங்கள் ‘பணி மாறுதல்’ என்று போட்டால், ஏதோ புகாராம், ஏதோ சண்டையாம் என்று அதே வாட்ஸப் குழுவில் மறுநாளே நாலு காரணம் கிளம்பும். சார் பேர்தான் கெடும். ‘பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் சார் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்’ என்று ஒரே வாக்கியம். அதற்கு மேல் அழவும் வேண்டாம், யாரையும் திட்டவும் வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் அவர் பிள்ளைகளோடு செய்த பரிசோதனை எதையாவது எழுதுங்கள். மேலிடம் அந்த ஒரு வாக்கியத்தை அடித்தால், சண்டை போட்டுப் பாருங்கள். ரொம்ப முறைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் ஜூனில் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும்.

இனி மாவ்ஷி.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. நான் அன்று தென் மும்பையில், ஃபோர்ட்டில் ஆபீசில் இருந்தேன். அந்தப் பக்கம் பெரிய மழையே இல்லை. கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். அதே நாளில் சாந்தாக்ரூஸில் 944. லோக்கல் ரயில் நின்ற பிறகும் எங்களுக்கு விஷயம் புரியவில்லை. மித்தி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது என்பதே மறுநாள்தான் தெரிந்தது. அந்த நேரத்தில், தாராவியில் ஒரு பள்ளியில், மதிய ஷிப்ட் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நீங்கள் அந்த அறைக்குள் இருந்திருக்கிறீர்கள். இதைப் பின்குறிப்பில் எழுதிவிட்டு, ‘நன்றாக இருக்குமா’ என்று என்னைக் கேட்கிறீர்கள்.

நீங்கள் நாலாவது படித்த பிள்ளையாக என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். பாயைக் கதவை ஒட்டிப் போட்டது தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துகொள்ளவா, பிள்ளைகள் எழுந்து வெளியே போகாமல் தடுக்கவா? அவரிடமே கேளுங்கள். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று பேட்டி மாதிரி கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்” என்பார். எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், காலையில் முதலில் யார் வீட்டிலிருந்து வந்தார்கள், அவர் வீட்டில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள்.

எட்டுப் பக்கத்தில் இரண்டு பக்கம் மாவ்ஷிக்கு. இடம் இல்லை என்றால் ஆண்டு விழாவில் பீட் ஆபீசர் (பள்ளிகளை மேற்பார்க்கும் கல்வி அதிகாரி) குத்துவிளக்கு ஏற்றும் படத்தை எடுத்துவிடுங்கள். வழக்கம் இல்லை என்பவர்களிடம், வெள்ளமும் வழக்கமாக வருவதில்லை என்று சொல்லுங்கள். (இதை நான் சொன்னதாகவே சொல்லலாம். என்னை யாரும் சர்ப்ளஸ் ஆக்க முடியாது.)

இரத்தினகிரிக்காரர் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் கேலி தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தமிழைப் பிள்ளைகளிடமிருந்து கற்றாரா, பக்கத்து வீட்டிலா? ஊருக்குத் திரும்பினால் அங்கே அதை யாரிடம் பேசுவார்?

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்திலும் கட்டுரையிலும் பெரிய டீச்சர் பெயர் முழுசாக இருந்தது, அறிவியல் சார் பெயர் இனிஷியலோடு இருந்தது. இங்கே வெளியிடும்போது இரண்டையும் எடுத்துவிட்டேன். மாவ்ஷி பெயரை எடுக்க வேண்டிய வேலையே எனக்கு வரவில்லை. மஸ்டரில், அதாவது ஊழியர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பாருங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் மராத்தியில் எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு, தலைப்பில் அதையும் போடுங்கள். அவர் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். கடிதத்தில் அன்று மாவ்ஷி வடாபாவ் கொடுத்தார் என்கிறீர்கள், பின்குறிப்பில் பிஸ்கட் என்கிறீர்கள். எது?

அன்புடன்