சான்றிதழ் வாடகைக்கு அல்ல: பார்மசி படிப்பும் பதிவும் பற்றிய கேள்வி-பதில்

சேர்க்கைக் காலம் என்பதால் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படித்தாள். உயிரியல் இல்லை. பி.பார்ம் (பார்மசி பட்டப்படிப்பு) சேர முடியுமா? நீட் எழுத வேண்டுமா?
— ஒரு தந்தை, விழுப்புரம்

முடியும். இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். நீட் தேவையில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடக்கிறது. உயிரியல் படிக்காதவர்களுக்கு முதல் பருவத்தில் அடிப்படை உயிரியல் என்று ஒரு தாள் உண்டு. பலர் அதைப் பெயருக்குப் படித்துக் கடந்துவிட்டு, பிறகு மருந்தியல் பாடத்தில் ஈரல் எது, சிறுநீரகம் எது என்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் பார்மசி படித்திருக்கிறேன். எனக்கு என்ன வேலை கிடைக்கும்?
— ஊர், பெயர் இல்லை

டி.பார்மா (இரண்டு ஆண்டுப் பட்டயம்), பி.பார்மா, பார்ம்.டியா (ஆறு ஆண்டுப் படிப்பு)? எந்த ஆண்டு? மாநிலப் பார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்தாயிற்றா? இவற்றில் ஒன்றுகூட எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? சென்ற முறையும் இதைச் சொன்னேன். விவரங்களுடன் மறுபடி எழுதுங்கள்.

எங்கள் ஊருக்கு அருகே புதிதாக ஒரு பார்மசி கல்லூரி வந்திருக்கிறது. 'விண்ணப்பித்திருக்கிறோம், அனுமதி வந்துவிடும், இடத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பணம் கட்டலாமா?
— ஒரு தாய், அரியலூர்

கட்டாதீர்கள். 'வந்துவிடும்' என்பது அனுமதி அல்ல. பார்மசி படிப்பை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரவிருக்கும் படிப்பு, சேரவிருக்கும் கல்வியாண்டு, எத்தனை இடங்கள் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். டி.பார்முக்கு அனுமதி வாங்கிய கல்லூரி அதே பலகையின் கீழ் பி.பார்முக்கும் ஆள் சேர்ப்பது உண்டு.

இன்னொன்றும் உண்டு. படிப்பை நடத்த அனுமதி பெறுவது வேறு, 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 12-ஆவது பிரிவின்கீழ் அந்தப் படிப்புக்கும் தேர்வுக்கும் அங்கீகாரம் பெறுவது வேறு. இரண்டாவது இல்லையென்றால், படித்து முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

இவ்வளவு புதுக் கல்லூரிகள் எங்கிருந்து முளைத்தன என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிகள் பெருகிவிட்டன என்று 2019-இல் பார்மசி கவுன்சில் புதியவற்றுக்கு ஐந்தாண்டுத் தடை போட்டது. தடையை முறையான விதியாக இயற்றாமல் வெறும் தீர்மானமாகப் போட்டதால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. மடை திறந்தது. தடையின் நோக்கம் சரியானது என்பதே என் கருத்து. அதைச் சட்டப்படி செய்யத் தவறியதற்கு இன்று பெற்றோர்தான் விலை கொடுக்கிறார்கள்.

ஒன்பது ஆண்டுகளாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எல்லா மருந்தும் தெரியும். வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில், வகுப்புக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் டி.பார்ம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். அஞ்சல் வழியிலும் உண்டாமே?
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

தம்பி, உங்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் கோபமும் வருகிறது. பார்மசியில் அஞ்சல் வழிப் படிப்பு கிடையவே கிடையாது. டி.பார்ம் என்றால் இரண்டு ஆண்டு நேரடி வகுப்பு, செய்முறை, அதன்பின் குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. வருகையில் 75 விழுக்காடு கட்டாயம். முகவர் விற்பது பட்டயம் இல்லை, காகிதம். மாநில கவுன்சில் பதிவுக்கு முன் சான்றிதழைச் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான், முகவர் அல்ல.

'எல்லா மருந்தும் தெரியும்' என்கிறீர்கள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது தெரியும். இரத்தத்தை இளக்க வார்ஃபரின் எடுப்பவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டால் ஏன் கொடுக்கக்கூடாது என்பது தெரியுமா? அதற்குத்தான் அந்த இரண்டு ஆண்டுகள். உங்கள் அனுபவத்துடன் முறையாகப் படித்தால், உடன் படிப்பவர்களில் நீங்கள்தான் முதலில் நிற்பீர்கள். பணம் கட்டும் முன் கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள்.

டி.பார்ம் முடித்தாலும் இன்னொரு தேர்வு எழுத வேண்டும் என்பது உண்மையா?
— இரண்டாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

உண்மை. டி.பார்ம் வெளியேறும் தேர்வு என்று 2022-இல் விதி வந்தது. மூன்று தாள்கள், எல்லாம் கொள்குறி வினாக்கள், ஆங்கிலத்தில். ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தேர்வு பதிவுக்கானது, பட்டயத்துக்கானது அல்ல. பி.பார்ம் மாணவர்களுக்கு இது பொருந்தாது. உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு விதி எப்படிப் பொருந்துகிறது என்பதை மாநில கவுன்சிலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயப்படாதீர்கள். வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இது சுமையில்லை. முந்தைய கடிதத்தின் முகவர்களுக்குத்தான் சுமை.

பி.பார்ம் முடித்து ஒரு மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். பதிவுச் சான்றிதழ் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. மருந்துக்கடை வைக்கும் நண்பர் அதைக் கேட்கிறார், மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானே, இதில் என்ன சிக்கல்?
— ஒரு வாசகர், திருப்பூர்

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இந்த முறை முழுவதுமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம். மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பதும் எடுத்துக் கொடுப்பதும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை என்கிறது பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதி, அவருடைய நேரடி மேற்பார்வையில் என்று சொல்கிறது. நேரடி என்றால் அவர் கடையில் நிற்க வேண்டும். திருப்பூரில் ஒரு நிறுவனத்துக்காக ஊர் சுற்றுபவர் இன்னொரு கடையில் எப்படி நிற்பார்? மீறினால் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. ஆயிரம் ரூபாயில் நின்ற அபராதத்தை 2023-இல், பல சட்டங்களின் தண்டனைகளைத் திருத்திய ஜன் விஷ்வாஸ் சட்டம் லட்சங்களுக்கு ஏற்றிவிட்டது. கடையின் உரிமம் போகலாம். உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பை மாதம் ஐயாயிரத்துக்கு அடகு வைப்பீர்களா?

சட்டத்தைவிட என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு முடக்குவாதம். மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் எழுதினார். அந்த மாத்திரை அந்த நோய்க்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. ஒவ்வொரு நாளும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையை அழிக்கும். பார்மசி படித்த எவரும் இதை மறக்க மாட்டார்கள். கடையில் இருந்த பையன் படிக்காதவன், நல்ல பிள்ளைதான். வழக்கம்போல உறையின் மீது 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எட்டாம் நாள் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தன. ஃபோலினிக் அமிலம் ஏற்றி, இரண்டு வாரம் மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

நான் அந்தக் கடைக்குப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ். அதில் இருந்த பெயர் என் மாணவனுடையது. மெத்தோட்ரெக்சேட் பாடத்தை அவனுக்கு நடத்தியதே நான்தான். தொலைபேசியில் அழைத்தேன். 'ஐயா, நான் அந்தக் கடைப் பக்கமே போவதில்லை ஐயா' என்றான். தன்மீது குற்றமில்லை என்று நிறுவுவதற்காக அதைச் சொன்னான். அதுதான் அவனுடைய குற்றம் என்பது அவனுக்கு விளங்க நேரமாயிற்று. பிறகு அவன் அழுததையும் கேட்டேன். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

'எல்லோரும் செய்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை கால் கடுக்க நின்று, சீட்டைப் படித்து, 'அம்மா, இது வாரம் ஒருமுறைதான், எந்தக் கிழமை என்று எழுதித் தருகிறேன்' என்று சொல்லும் மருந்தாளுநர்கள் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் சம்பளம் உயரவில்லை? பக்கத்துக் கடைக்காரர் ஐயாயிரத்துக்கு ஒரு சான்றிதழை வாடகைக்கு எடுக்க முடிகிறது என்பதால்தான். நீங்கள் வாங்கும் ஐயாயிரம் அவர்களுடைய சம்பளத்திலிருந்து பிடுங்கியது.

உங்கள் நண்பருக்கு உதவ ஆசையென்றால், வேலை தேடும் ஒரு மருந்தாளுநரை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே திரும்ப வாங்குங்கள். வாங்கிய கையோடு மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, இன்ன தேதியிலிருந்து அந்தக் கடையில் நான் இல்லை என்று எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழைக் கழற்றி எடுப்பது மட்டும் போதாது. உரிமத்தில் உங்கள் பெயர் நீடிக்கும்.

எம்.பார்ம் (பார்மசி முதுநிலைப் பட்டம்) முடித்தேன். ஒரு கல்லூரி என் சான்றிதழ்களைக் கேட்கிறது. கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வந்து ஆசிரியராக உட்கார்ந்தால் போதுமாம்.
— ஒரு வாசகி, நாமக்கல்

மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள், 'கடை' என்ற இடத்தில் 'வகுப்பறை' என்று வைத்து. ஆசிரியர் இல்லாத வகுப்பில் படித்தவர்தான் நாளை கடையில் இல்லாத மருந்தாளுநர் ஆகிறார். மறுத்துவிடுங்கள்.

பார்ம்.டி முடித்தவர் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டு நோயாளிகளுக்கு மருந்து எழுதலாமா?
— ஒரு மாணவர், சேலம்

மருந்து எழுத முடியாது. ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓர் ஆண்டு உள்ளுறைப் பயிற்சியும் உங்களை மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்க வைக்கின்றன, அவருடைய இடத்தில் அல்ல. வார்டுக்குப் போய் அளவு, மருந்துகளுக்கிடையிலான மோதல், பக்க விளைவு ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வது உங்கள் பணி. 2008-இல் இந்தப் படிப்பைத் தொடங்கியதே அதற்காகத்தான். நம் மருத்துவமனைகள் அந்தப் பணியிடங்களைப் போதிய அளவில் உருவாக்கவில்லை என்பதே உண்மையான குறை. பெயருக்கு முன் இருக்கும் எழுத்தைப் பற்றிச் சண்டையிடும் சங்கங்கள் அதற்காகப் போராடலாம்.

அமெரிக்காவில் மருந்தாளுநராக வேலை பார்க்க நம்முடைய பி.பார்ம் போதுமா?
— ஒரு வாசகர், கோவை

போதாது. 2003-க்குப் பிறகு முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டுப் படிப்பு வேண்டும், நம்முடையது நான்கு. எம்.பார்ம் சேர்த்தாலும் கணக்கில் வராது. பார்ம்.டி இருந்தால் அந்த நாட்டின் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

எம்.பார்முக்கு உதவித்தொகை?
— பல மாணவர்கள்

எம்.பார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். 2024 முதல் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை அல்ல, தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம். பழைய இணையதளத்தில் தேடிவிட்டு அறிவிப்பே வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ஒப்புதல் இல்லை என்கிறார்கள். சேரலாமா?
— ஒரு தந்தை, கடலூர்

பார்மசி கல்வியில் அதிகாரம் ஏ.ஐ.சி.டி.இ.க்கு அல்ல, பார்மசி கவுன்சிலுக்குத்தான் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு, ஆண்டு, இடங்கள் மூன்றையும்.

பார்மசி கவுன்சிலையே கலைத்துவிட்டு ஆணையம் கொண்டுவரப் போகிறார்களாமே? இப்போது பதிவு செய்தால் வீணாகிவிடாதா?
— ஒரு மருந்தாளுநர், தஞ்சாவூர்

2023 நவம்பரில் மத்திய அரசு தேசியப் பார்மசி ஆணையத்துக்கான வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. வரைவு சட்டம் ஆகாது. சட்டமாகும் வரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நம்மை ஆள்கிறது. வதந்தியை நம்பிப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

கர்நாடகத்தில் பதிவு செய்தேன். திருமணமாகி ஓசூருக்கு வந்துவிட்டேன். இங்கேயும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி

இரண்டு மாநிலங்களில் ஒரே நேரத்தில் பதிவு வைத்திருக்கக் கூடாது. அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றம் முடியும்வரை இங்கே எந்தக் கடையின் உரிமத்திலும் உங்கள் பெயரைச் சேர்க்க அனுமதிக்காதீர்கள்.

பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சி வகுப்புக்குப் போயே ஆக வேண்டுமா? கடையில் வெள்ளைக் கோட்டு கட்டாயமா?
— ஒரு மருந்தாளுநர், மதுரை

இரண்டுக்கும் ஆம். 2015-ஆம் ஆண்டு பார்மசி தொழில்முறை விதிகள்படி ஐந்து ஆண்டுகளில் இரண்டு புத்தாக்கப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பிவிடாமல் மாலை வரை உட்காருங்கள். கோட்டின் மீது உங்கள் பெயரும் பதிவு எண்ணும் உள்ள அட்டை இருக்க வேண்டும். மருந்து வாங்க வருபவர் சுவரை அண்ணாந்து பார்க்காமல் உங்களைப் பார்த்தே படிக்கும்படி, கொஞ்சம் பெரிய எழுத்தில்.