சென்னாக்குன்னியும் நீலத் திமிங்கலமும்

அன்புள்ள ஐயா,

என் ஆயா காசிமேட்டில் கருவாடு விற்கிறார். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திமிங்கலத்தின் கழிவிலிருந்து டிஎன்ஏ எடுத்து அது என்ன தின்றது என்று கண்டுபிடிக்கிறார்கள் என வீட்டில் சொன்னேன். "பீயக் கிளறவா உன்ன காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டுவிட்டார். எனக்கும் ஒரு சந்தேகம். செரித்துப்போனதில் என்ன மிஞ்சும்?

தேவி

அன்புள்ள தேவி,

ஓடும் காலும் கண்ணும் பெரும்பாலும் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடும். ஆனால் டிஎன்ஏ துண்டு துண்டாக மிஞ்சும். அதிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுக்கு ஒவ்வொரு செல்லிலும் நிறையப் பிரதிகள் இருப்பதால் கொஞ்சமாவது தப்பிவிடும். அதைப் பிசிஆர் முறையில் பெருக்குவார்கள். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனைக்கும் இதுதான் அடிப்படை. திமிங்கலத்தின் சொந்த டிஎன்ஏவும் கழிவில் கலந்திருக்கும் என்பதால், இரையின் டிஎன்ஏவை மட்டும் பிடிக்கிற ப்ரைமரை, அதாவது எதைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ துண்டை, தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை கிலோ தின்றது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. அண்மையில் என்ன தின்றது என்று சொல்லலாம்.

முன்பு இதைத் தெரிந்துகொள்ள, வேட்டையில் கொன்ற திமிங்கலத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். இப்போது படகில் பின்தொடர்ந்து, செங்கல் நிறத்தில் மிதக்கும் கழிவை அது கலைவதற்குள் வலையில் அள்ளிவிடுகிறார்கள். திமிங்கலம் தன் வழியே போய்விடும். இது ஒன்றே போதும், நான் இந்த வேலையை மதிக்க.

ஆயாவிடம் இதைச் சொல்லுங்கள். நீலத் திமிங்கலம் என்றாலே இறால் போன்ற சின்ன உயிரான கிரிலைத்தான் தின்னும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இலங்கைக் கடலில் அந்நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் சைமன் ஜார்மன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் கழிவை இப்படிச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே அவை பெரும்பாலும் தின்பது செர்ஜெஸ்டிட் குடும்பத்து இறால்களை. ஆயா கூறுகட்டி விற்கிற சென்னாக்குன்னியும் அந்தக் குடும்பம்தான்! உலகத்திலேயே பெரிய விலங்கு தின்பது நம் வீட்டுத் தொக்குக்கு உறவு என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. பெருக்கிய டிஎன்ஏவைப் படிக்கிற இயந்திரம் தருவது வெறும் எழுத்து வரிசை. இந்த வரிசை இந்த இறாலுடையது என்று யாராவது முன்பே பதிந்து வைத்திருந்தால்தான் அதற்குப் பெயர் கிடைக்கும். பதிய வேண்டுமானால் இறாலைக் கண்ணால் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தண்டையார்பேட்டையில் எங்கள் அத்தை முறத்தில் சென்னாக்குன்னியைப் பரப்பி, நகநுனியால் மீன்குஞ்சைத் தனியாகவும் நண்டுப்பொடியைத் தனியாகவும் தள்ளுவதைப் பார்த்தே வளர்ந்தேன். அத்தனையும் பொடிசு, ஆனாலும் அவர் விரல் தடுமாறியதே இல்லை. உங்கள் ஆயாவின் விரலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த முறை ஈரக் குன்னி வரும்போது ஆயாவை உட்காரவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகையையும் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். தேதி, எந்தப் படகு, எந்தப் பக்கம் வலை போட்டார்கள், ஆயா அதற்குச் சொல்லும் பெயர், எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிச் சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.