மனித உரிமைக் கொள்கையை டவுன்லோடு செய்து அனுப்பலாமா?

கேள்வி: மதுரை இலந்தைக்குளத்தில் 45 பேர் வேலை பார்க்கும் ஐ.டி. நிறுவனம் நடத்துகிறேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் படங்களையும் வீடியோக்களையும் பார்த்து வகை பிரித்துத் தருகிறோம். வன்முறை, ஆபாசம் இருப்பதைக் குறித்துக் கொடுக்கும் வேலையும் உண்டு. ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர், “மனித உரிமைக் கொள்கையை அனுப்புங்கள், இயக்குநர்களில் அதற்குப் பொறுப்பு யார்?” என்று கேட்கிறார். நானும் மனைவியும்தான் இயக்குநர்கள். நெட்டில் கிடைக்கும் மாதிரியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர் கேட்டதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு மாதிரி எங்கும் கிடைக்காது.

தங்களுக்கு வேலை செய்து தரும் நிறுவனங்களிலும் மனித உரிமை மீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் சப்ளை செயின் சட்டம், ஜெர்மனியில் பெரிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் வேர், 2011-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள். நிறுவனத்தின் உச்ச மட்டமே கொள்கையை ஏற்க வேண்டும், தன்னால் யாருக்குப் பாதிப்பு என்று தேடிப் பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் இதைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு பொருந்தும். ஊழியர் நலனையும் கருதி நடப்பது இயக்குநரின் கடமை என்று அது சொல்கிறது. பிரைவேட் லிமிடெட்டுக்கு விலக்கு இல்லை.

ஆகவே, உங்கள் இருவரில் ஒருவர் பொறுப்பேற்பதாகத் தீர்மானம் போட்டு இயக்குநர் கூட்ட மினிட்ஸில் ஏற்றுங்கள். ஹெச்.ஆர். மேனேஜரின் தலையில் கட்ட வேண்டாம். ஆபத்தான ஒரு ஆர்டரை ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

அடுத்து, ஒரு நைட் ஷிப்ட் முழுக்க, ஊழியர்கள் வேலை பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒருவரை அடித்துக் கொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் முகம் கழுவ எழுந்து போகிறார். சில நிமிடம் மௌஸ் அசையாவிட்டால் சாஃப்ட்வேர் அதை ‘வேலை இல்லாத நேரம்’ என்று பதிகிறது, மாதக் கடைசியில் இன்சென்டிவ் குறைகிறது. அந்த நிமிடக் கணக்கை யார் வைத்தது? இயக்குநர்களுக்குத் தெரியுமா? என்னைப் பொறுத்தவரை மனித உரிமை என்பது உங்கள் அலுவலகத்தில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அத்தகைய வீடியோக்களுக்கு நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பு, சம்பளத்தோடு இடைவேளை, மனநல ஆலோசனை ஆகியவற்றைத் தீர்மானமாகவே போடுங்கள். உசிலம்பட்டி, மேலூர் வரை போகிற பெண்களை இரவில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதும் அதில் சேரட்டும்.

புகார் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கணவன் மீதான புகாரை மனைவியிடம் கொண்டுபோக எந்த ஊழியருக்குத் துணிச்சல் வரும்? சிசிடிவி கேமராவுக்குக் கீழே மாட்டிய புகார்ப் பெட்டிகளைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு சீட்டும் விழாது. நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம், ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை அதிகாரியோ உயர் நீதிமன்றக் கிளை வழக்கறிஞரோ, நேரடியாகப் புகார் போகட்டும். எத்தனை நாளில் பதில் என்பதையும் அறிவித்துவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு, 10 பேர் வேலை செய்தாலே வெளி உறுப்பினரோடு கூடிய உள் புகார்க் குழு சட்டப்படி கட்டாயம். புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்று நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டுங்கள்.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைலை அனுப்பி, திங்கள் காலையில் முடித்துக் கேட்பது அவர்தான். அந்தக் கெடு, அந்த ரேட், இவற்றால் ஊழியருக்கு நேர்வது என்ன என்பதை எழுதிக் கேளுங்கள். தன் சட்டக் கடமையை ஒப்பந்தத்தின் வழியாக அப்படியே உங்கள் மேல் இறக்கிவிட அவரால் முடியாது.

பதில் கடிதத்தில் இருப்பதை இருக்கிறது என்றும், இல்லாததை இல்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம் என்றும் எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்: தவறான உறுதிமொழி தந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்ற பிரிவு அதில் இருக்க வாய்ப்பு உண்டு.