வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள். பைலட் ஆக ஆசை. தென்னாப்பிரிக்காவில் எட்டு மாதத்தில் லைசென்ஸ், எல்லாம் சேர்த்து 42 லட்சம், பிசிக்ஸ் வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். சீட்டுக்கு இந்த வாரமே 3 லட்சம் கேட்கிறார். வீட்டை அடகு வைத்துக் கட்டலாமா? - வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள்.

ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. வெளிநாட்டில் பறக்கக் கற்க பிசிக்ஸ், மேக்ஸ் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த லைசென்ஸை டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இந்திய லைசென்ஸாக மாற்றித் தந்தால்தான் இங்கே வேலை. அப்போது பிளஸ் டூவில் இரண்டு பாடமும் பாஸா என்று பார்ப்பார்கள். இந்த விதியை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பேச்சை நம்பி வீட்டை வைக்க முடியுமா?

காமர்ஸ் படித்ததால் கதவு மூடிவிடவில்லை. என்ஐஓஎஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிசிக்ஸ், மேக்ஸ் இரண்டை மட்டும் எழுதலாம். பிளஸ் டூவை முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டாம். பிசிக்ஸுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. "சர்டிபிகேட் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மார்க் ஷீட்டின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்படும். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். நம் ஊர் இனிஷியல் டிஜிசிஏ ஆன்லைன் படிவங்களுக்கு இன்னும் புரியவில்லை!

அடுத்தது கண். ஸ்டான்லி ஆஸ்பத்திரி கண் பிரிவில் நிறக்குருடு சோதனை பார்த்துவிடுங்கள். கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடையில்லை; நிறக்குருடு தடையாகலாம். பிறகு டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் எனும் உடல்தகுதிச் சோதனை, அதன்பின் கிளாஸ் 1. சில ஏஜென்ட்கள் கிளாஸ் 2-ஐ மட்டும் காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள். வேலைக்கு வேண்டியது கிளாஸ் 1. தேதி கிடைக்கவே இழுத்தடிப்பார்கள், ஆனாலும் காத்திருங்கள்.

எந்த நாடு என்பது அப்புறம். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறக்கிறது, மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு விமானம், ஒவ்வொன்றும் தினம் நான்கு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 600 மணி நேரம். மாணவர் நூறு பேர் என்றால் தலைக்கு மாதம் ஆறு மணி நேரம்தான். 200 முடிக்க கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓடிவிடும். இரவில் 5 மணி நேரம் பறக்க வேண்டும். ஓடுபாதை விளக்கு இல்லாத பள்ளி அதற்கு வேறு ஊருக்கு அனுப்பும்.

"எல்லாம் சேர்த்து" என்பதில் ஏர்பஸ் போன்ற பயணிகள் விமானம் ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சி பெரும்பாலும் சேராது. அதற்குத் தனியாகப் பல லட்சம் ஆகும். லைசென்ஸை இங்கே மாற்றுவதற்கான தேர்வும் சோதனைப் பறத்தலும் தனி. வேலை உத்தரவாதம் தர எந்த ஏஜென்டாலும் முடியாது.

அவர் மறுபடி போன் செய்தால் இரண்டை எழுத்தில் கேளுங்கள்: பணம் நேராகப் பள்ளியின் கணக்குக்குப் போகுமா? பறந்த மணிக்கேற்பத் தவணையாகக் கட்டலாமா?